எசனில் மிஞ்சியிருந்த ஒரேயொரு புளூமன்தால்

ஜேர்மனியின் எசன் நகரத்தில் யோகமக்காவுக்குத் தெரியாத தமிழர் ஒருவர் இருந்தால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

எண்பதுகளில் கோப்பாயிலிருந்து வந்தவர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பென்சன் எடுக்கும் வரைக்கும் வேலை. அவர் தோய்த்த படுக்கை விரிப்புகளை முடிந்து கட்டினால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரலாம், மிச்சத்தில் ஒரு கல்யாணப் பந்தலும் போடலாம். ஆனால் துணியை விட அவருக்குக் கைவந்தது ஆட்கள்தான். பஸ் தரிப்பில் ஒரு தமிழரைக் கண்டால் முதல் கேள்வி, "நீங்கள் எந்த இடம்?" அடுத்தது, "ஆரின்ரை மகன்?" பஸ் வந்து சேர்வதற்குள் அந்த மனிசன் அக்காவுக்கு மருமகன் முறையாகியிருப்பார். நான் கீழ்வீட்டுக்குக் குடிவந்த அன்றே தம்பி முறையாகிவிட்டேன். எந்த வழியில் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பிட்டு ஒழுங்காக வருகிறபடியால் நான் வழக்குப் பேசவுமில்லை.

இவ்வளவு சொந்தம் உள்ளவரின் அழைப்புமணியில் இருக்கிற பெயர் மட்டும் புளூமன்தால். காரணம் வால்டர். ட்ராம் ஓட்டியவர், வெள்ளைக்காரர். வந்த புதிதில் அக்கா இறங்குமிடம் தெரியாமல் கடைசித் தரிப்பு வரை போய்விட, வால்டர் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அடுத்த நாளும் அக்காவுக்கு இறங்குமிடம் தெரியவில்லை. அதற்கடுத்த நாளும் தெரியவில்லை. இப்படியே தெரியாமல் தெரியாமல் கல்யாணத்தில் போய் இறங்கினார். எங்கள் சனம் கொஞ்சக்காலம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தது. பிறகு ஆளாளுக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் பத்திரம் நிரப்ப வால்டர் தேவைப்பட்டார், கோபம் பறந்துவிட்டது. அவர் இறந்து சில வருசமாகிறது. பிள்ளைகள் இல்லை.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், நான் அக்காவின் குசினியில் மூன்றாவது தட்டுப் பிட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. வாசலில் நரைத்த தலையோடு ஒரு அம்மா. அவர் பேசியது பழைய காலத்து டொச் பாஷை. அதை எங்கள் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

"புளூமன்தால் வீடு இதுதானோ?"

"ஓம், நான்தான். உள்ளை வாங்கோ."

அப்பிள் மரத்தில் தேங்காய் காய்த்ததைக் கண்டவர் போல அந்த அம்மா அக்காவைப் பார்த்தார்.

பெயர் யோசப்பின் புளூமன்தால். ஆர்ஜென்டினாவிலிருந்து தனியே வந்திருந்தார். அவருடைய பாட்டனார் எசனில் துணிக்கடை வைத்திருந்த யூதர். நாஜிகளின் காலத்தில் மனைவி பிள்ளையோடு கப்பலேறித் தப்பியவர். பின்னால் வருகிறேன் என்று நின்ற தம்பி எமிலைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். எமிலுக்கு ஒரு மகன் இருந்தான். அவன் என்ன ஆனான் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அவன் தப்பியிருந்தால் அவனுடைய ஆட்கள் இந்தப் பெயரோடுதான் இருப்பார்கள் என்று யோசப்பின் தேடிப் பார்த்ததில், நகரத்தில் அகப்பட்ட ஒரேயொரு புளூமன்தால் எங்கள் யோகமக்கா.

"எமில் இருந்த வீடு இப்பவும் நிக்குது. மூண்டு நாளாய் அந்தத் தெருமுனை வரைக்கும் போறன், திரும்பி வாறன். தனியப் போகக் கால் வருகுதில்லை" என்று சொல்லி யோசப்பின் அழத் தொடங்கினார்.

அக்கா தேத்தண்ணியை நீட்டினார். வழக்கமான விசாரணை தொடங்கியது. பாட்டனார் எந்தத் தெரு, பாட்டி எந்த ஊர், ஆருக்கு ஆர் மூத்தது. பிறகு யோசப்பினின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அழாதேங்கோ. என்ரை மனிசன் வால்டரும் புளூமன்தால், நீங்களும் புளூமன்தால். நீங்கள் எனக்கு மச்சாள்."

எங்களுக்குள் இது வணக்கம் சொல்வது மாதிரி. ஆனால் கடல் தாண்டி வந்த மனிசி இதை வணக்கமாகவா எடுப்பார்? உடனே போனை எடுத்தார். திரையில் ஆர்ஜென்டினாவில் பாதிச் சனம் அழுதது, மற்றப் பாதி அக்காவுக்கு முத்தம் அனுப்பியது. எமிலின் மகன் தப்பிவிட்டான், எசனில் கல்யாணம் கட்டியிருக்கிறான், வால்டர் அவன் வழிதான் என்று அங்கே முடிவே கட்டிவிட்டார்கள். பிரிந்து போகும்போது யோசப்பின், "நாளைக்கு வாறன். ரெண்டு பேருமாய் அந்த வீட்டை போவம்" என்றார்.

கதவு சாத்தினதும் நான் வாயை வைத்துக்கொண்டு இருக்கவில்லை. "என்னக்கா, ஒரு கோப்பை தேத்தண்ணியிலை ஒரு நாட்டையே சொந்தமாக்கிப் போட்டியள்! இனி ஆர்ஜென்டினா பந்து விளையாடினால் நாங்கள்தானே சத்தம் போடவேணும்."

அக்கா சிரிக்கவில்லை. கதிரையில் இருந்தார்.

"தம்பி, வால்டரின்ரை ஆக்கள் யூதர் இல்லையடா. சுரங்கத்திலை வேலை செய்த கத்தோலிக்க ஆக்கள். அந்தக் காலத்திலை இந்தப் பேருக்காக வால்டரின்ரை தாத்தாவை யூதரோ எண்டு சனம் சந்தேகப்பட்டிருக்கு. அந்தாள் கோயில் கோயிலாய்த் திரிஞ்சு ஞானஸ்நானப் பேப்பரெல்லாம் சேர்த்துக்கொண்டு போய், 'அந்தப் புளூமன்தால் ஆக்களுக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை' எண்டு சத்தியம் பண்ணினதாம். இதைச் சொல்லிப்போட்டு வால்டர் ஒருநாள் குழந்தை மாதிரி அழுதவர்."

"அப்ப ஏன் மச்சாள் எண்டனீங்கள்?"

"அழுகிற ஆளுக்குச் சொந்தம் சொல்லாமல் வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"சரி, பேசாமல் விடுங்கோ. ரெண்டு நாளிலை பிளேன் ஏறிடுவா."

"ஏலாது. அந்தப் பெடியன் தப்பிட்டான் எண்டு அங்கை சந்தோசப்படுதுகள். செத்தானோ இருந்தானோ எண்டு தெரியாத பிள்ளை. அவனை வைச்சு நான் பொய் சொல்ல ஏலாது."

மறுநாள் யோசப்பின் கேக்கோடு வந்தார். நிலைப்படியில் யானை வந்து நின்றாலும் முதலில் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் பேசுகிற அக்கா, அன்றைக்குக் கேத்திலைக்கூடத் தொடவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுரங்கம், கோயில், பேப்பர், சத்தியம். ஒன்றையும் விடவில்லை.

யோசப்பின் கேக் பெட்டியின் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாத்தா பயந்திருப்பார்" என்றார் கடைசியில்.

"ஓம். ஆனால் வால்டருக்கு அது சாகுமட்டும் வெக்கம்."

"அப்ப எமிலின்ரை மகன்?"

"எனக்குத் தெரியாது மச்..." அக்கா அந்தச் சொல்லை விழுங்கிவிட்டார். "எனக்குத் தெரியாது. நேற்று நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

யோசப்பின் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அக்கா யன்னலடியில் போய் நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். எதிர்ப்பக்கத் தரிப்பில் யோசப்பின் இருந்தார். பஸ் வந்தது, போனது. யோசப்பின் அங்கேயே இருந்தார். இன்னொன்று வந்தது, போனது. நான் ஒரு பகிடி சொல்ல வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து பகிடி வராமல் போனது வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

அப்போது யோசப்பின் எழும்பித் தெருவைக் கடந்தார். மணி அடித்தது. படியேறி வந்த மூச்சு வாங்கலோடு, "சப்பாத்தைப் போடுங்கோ" என்றார்.

"எங்கை?"

"எமில் வீட்டை."

"நான் உங்கடை ஆள் இல்லையே."

"இந்த ஊரிலை எனக்கு வேறை ஆர் இருக்கினம்?"

என் காரில்தான் போனோம். வழமையாக அக்கா ஏறினால் பாதையில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை வரும். அன்றைக்குப் பின்சீட்டில் இரண்டு பேரும் இருக்க, வீடுகள் கதையில்லாமலே கடந்து போயின. கண்ணாடியில் பார்த்தேன். கைகள் மட்டும் கோத்துக் கிடந்தன.

நாலு மாடிப் பழைய வீடு. யோசப்பின் வாசல்வரை நடந்துவிட்டார். ஆனால் அழைப்புமணிகளுக்கு முன்னால் போனதும், நீட்டிய கையைத் திரும்ப எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் குப்பைப் பையோடு ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

யோசப்பின் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"புளூமன்தால்" என்றார் அக்கா.

"அப்பிடி இஞ்சை ஒருத்தரும் இல்லை."

"இருந்தவை. எமில் எண்டு. இந்த வீட்டிலை இருந்துதான் கொண்டுபோனவங்கள்."

அந்த மனிசன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கள் ஆர்?"

அக்கா யோசப்பினைப் பார்த்தார். இந்த முறை தானாக ஒன்றும் சொல்லாமல் காத்துக்கொண்டு நின்றார்.

"எமில் எங்கடை அப்பப்பாவின்ரை தம்பி" என்றார் யோசப்பின், அக்காவின் கையை இறுக்கிக்கொண்டு. "நாங்கள் ரெண்டு பேரும் புளூமன்தால்."

அந்த மனிசன் குப்பைப் பையை நிலத்தில் வைத்துவிட்டுக் கதவை அகலத் திறந்து பிடித்தார். உள்ளே மரப்படி. யோசப்பின் கைப்பிடியைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு படி ஏறினார், நின்றார். அவர் முதுகில் கையை வைத்தபடி அக்கா பின்னால் ஏறினார்.