புருவம் மழித்த நான்கு பேர்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேனர் டீச்சர். அந்தப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். கலக்கவில்லை என்றால், இன்றைக்கு மட்டும் ஏன் கலக்கவில்லை என்று யோசிப்பார். பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது. வெளியூர் வேலை என்று பெட்டியோடு போன கணவர் அங்கே இன்னொரு குடித்தனம் நடத்தியது, ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாகத்தான் அவருக்குத் தெரிந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. அதன் பின் அவர் சந்தேகப்படாமல் வீட்டுக்குள் விட்ட ஜீவன் ஒன்றுதான். அதுவும் நிஜப் பூனை. பெயர் மந்திரி.

போன வாரம் மந்திரியைக் காணவில்லை. பள்ளிக்குப் பின்னால் இருந்த ஆசிரியர் குடியிருப்பு முழுக்கச் சந்து சந்தாகத் தேடினார். சந்தேகமெல்லாம் எட்டாம் வகுப்பின் மேல்தான். பண்டைய எகிப்தைப் பற்றிக் குழுவாக ஆராயச் சொல்லி வரலாற்று ஆசிரியர் அவிழ்த்துவிட்டதிலிருந்து, அதுகள் உப்பும் கந்தல் துணியுமாக அலைந்துகொண்டிருந்தன. மம்மியாகப் பதப்படுத்திப் பார்க்க என் பூனைதான் கிடைத்ததா? என்று பொருமினார்.

திங்கட்கிழமை காலை நான்கு பேர் புருவத்தை மழித்துக்கொண்டு வந்தார்கள். மூன்று பெண்கள், ஒரு பையன். எகிப்தியரின் வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி ஆராயும் குழு. ராகிங்கா, ஏதாவது கும்பலா? தனித்தனியாக நிற்கவைத்துக் கேட்டும் நால்வரும் "சும்மாதான், டீச்சர்" என்றார்கள்.

"சரி. நாலு பேரும் சஸ்பெண்ட். பெத்தவங்களை வரச் சொல்லுங்க."

சின்னப் பெண் அழுதுவிட்டாள். "எகிப்துல ஒரு வீட்டுல பூனை செத்துப்போனா, அந்த வீட்டுல இருக்கறவங்க புருவத்தை வழிச்சிடுவாங்க, டீச்சர்."

"யார் வீட்டுப் பூனை?"

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

சின்னப் பெண்ணே தொடர்ந்தாள். "சத்தியமா நாங்க ஒண்ணும் பண்ணல. ரோட்டுல அடிபட்டுக் கிடந்துச்சு. துணியில சுத்தி மைதானத்து ஓரத்துல புதைச்சோம். சொன்னா எங்களைத்தான் சந்தேகப்படுவீங்கன்னு பயந்துட்டோம்."

"அப்ப உப்பு?"

"அது வேற குரூப். ஆப்பிளை மம்மி ஆக்கிப் பார்க்கறாங்க."

அப்போதும் அவருக்குத் திருப்தி இல்லை. "செத்தது என் பூனை. நீங்க எதுக்குப் புருவத்தை வழிச்சீங்க?"

பையன் தயங்கினான். "வீட்டுல இருக்கறவங்க எல்லாரும் வழிக்கணும்னு போட்டிருந்துச்சு. உங்க வீட்டுலதான் வேற யாரும் இல்லையே, டீச்சர். அதான் நாங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு பழைய குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டார்:

"எகிப்துல கூடவே சாப்பாடும் வச்சுப் புதைப்பாங்களே, வச்சீங்களா?"

"கிண்ணத்துல பால் வச்சோம்."

"யாரைக் கேட்டு வச்சீங்க? அது பாலை மோந்து பார்த்துட்டுப் போயிடும், என்னை மாதிரி. மீன் தலைதான் சாப்பிடும்."

மாலையில் ஐந்து பேரும் மைதானத்து ஓரத்துக்குப் போனார்கள். மீன் தலையைப் புதைத்து மண்ணைத் தள்ளியதும், பெரிய கல் ஒன்றைப் புரட்டி மேலே வைக்கச் சொன்னார். தெருநாய்களின் மேல் அவருக்குச் சந்தேகம்.