எண்பதாகிப்போன அறுபது

மின் அலுவலக வரைபட அறையில் அவளுக்குப் பெயர் 'கண்ணாடி'. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துவிட்டு அறை முழுக்கத் தேடுவாள். கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன், கவனமானவள். மண்ணுக்கடியில் ஓடும் கேபிள்களின் பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்து, காலத்துக்கும் நிற்கும்படி சேமிப்பது அவள் வேலை.

எந்த வடிவத்தில் சேமிப்பது என்று முடிவு செய்தவளும் அவள்தான். எதையும் இழக்காத வடிவம் ஒன்று இருந்தது. ஆனால் கோப்பு கனம். பள்ளம் தோண்டும் குழுவுக்கு மேஸ்திரியான அவள் கொழுந்தன் பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்வான்: "உங்க படம் ஃபோன்ல திறக்கறதுக்குள்ள குழியில தண்ணி ஊறி மீனே வந்துடும், அண்ணி."

அதனால் இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளிலும் எண்களிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் அதையே முத்திரைபோலக் குத்திவிடும் வடிவம் அது. கோப்பு பஞ்சாக லேசானது. சரிபார்த்தபோது எல்லோரும் தேடியது மங்கலை மட்டும். மங்கலே இல்லை, எல்லாம் பளிச்சென்று இருந்தது.

காகிதங்களைக் கூழாக்க எடுத்துப்போகும் லாரி வந்து நின்ற அன்று, கொழுந்தன் அழைத்தான். "பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி தெரு, அண்ணி. படத்தை அனுப்புங்க. தோண்டற மெஷின் வந்தாச்சு."

அனுப்பினாள். லாரியில் ஏற வேண்டிய கடைசிக் கட்டின் மேலே அதே தெருவின் தாள் கிடந்தது. கயிறு போடக் குனிந்தவள் அப்படியே நின்றாள். கேபிளின் ஆழம் தாளில் 60 சென்டிமீட்டர். திரையில் திறந்திருந்த படத்தில் 80.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். திரையிலிருந்த எட்டில் ஒரு பிசிறுகூட இல்லை. மங்கிய எண்ணாக இருந்தால் பார்ப்பவருக்குச் சந்தேகமாவது வரும். இது சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. ஆறையும் எட்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு, ஆறு இருந்த இடத்தில் எட்டைக் குத்தியிருந்தது.

எண்பது என்றால் கொழுந்தன் எழுபதுவரை மெஷினை விடுவான். அதற்குப் பிறகுதான் கையால் தோண்டுவான்.

ஃபோன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை.

"அக்கா, அந்தக் கட்டையும் குடுத்தா கிளம்பிடுவோம்," என்றார் வாசலில் நின்ற லாரிக்காரர். அவள் காதில் விழவில்லை.

மூன்றாவது முறை எடுத்தான். பின்னால் மெஷின் உறுமியது. "என்ன அண்ணி, அதுக்குள்ள இன்னொரு படமா?"

"மெஷினை நிறுத்து!"

"இப்பத்தான் அம்பதுகிட்ட வந்திருக்கு, இன்னும்..."

"நிறுத்துடா!"

அவனை அவள் 'டா' போட்டுப் பேசியதே இல்லை. உறுமல் அடங்கியது. மண்வெட்டி மண்ணைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"அண்ணி." குரலில் கிண்டல் இல்லை. "கேபிளுக்கு மேல பதிப்பாங்களே, சிவப்பு ஓடு. அது தெரியுது."

"எல்லாரையும் மேல ஏறச் சொல்லு," என்றாள். இப்படி எத்தனை தாளில் எத்தனை எண்கள் மாறியிருக்கின்றன? படத்தைப் பார்த்து அதைச் சொல்ல வழியில்லை. காகிதம் வேண்டும். காகிதம் லாரியில் இருந்தது.

வாசலுக்கு ஓடினாள். "எல்லாத்தையும் இறக்குங்க."

"என்னக்கா விளையாடறீங்களா? எல்லாம் படத்துல பத்திரமா இருக்கு, எடுத்துட்டுப் போங்கன்னு காலையில சொன்னதே நீங்கதானே?"

"நான்தான் சொன்னேன்," என்றாள். "இப்பவும் நான்தான் சொல்றேன். இறக்குங்க."