அந்தக் களை வண்டி என்னுடையது

பாறைக் கரட்டில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தேன். நாகல் நகரில் தகரக் கொட்டகை போட்டு வெல்டிங் பட்டறை நடத்தினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், வெங்காயக் காட்டில் களையெடுக்கப் பழைய மொபெட் இன்ஜினில் ஒரு வண்டியே செய்தேன். சிரித்தவர்கள் பிறகு இரவல் கேட்டு வந்தார்கள்.

போன மாதம் ஒரு கல்லூரிக் கண்காட்சிக்குப் போனேன். வெள்ளைக்காரனை விரட்டிய நாடு இன்று கண்டுபிடிப்பிலும் புரட்சி செய்கிறது என்று பெரிய போர்டு. அதன் கீழே அச்சு அசலாய் என் வண்டி நின்றது. பெயிண்ட் மட்டும் புதிது. கண்டுபிடித்தவர் என்று அந்தப் போர்டிலேயே ஒரு வாத்தியாரின் பெயர். என் பட்டறையில் டீ குடித்தபடியே டேப் பிடித்து அளவெடுத்துப் போன அதே ஆள், பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியாதது போல் பார்த்தார்.

"ஆக்சிலேட்டர் ஏன் சார் இடது பக்கம் இருக்கு?" என்றேன்.

"அது ஆராய்ச்சி பண்ணி வச்சது பெரியவரே. உடம்பு நோகாது."

"அட அப்பு, நான் இடது கைக்காரன். எனக்குத் தோதா வச்சேன். அதையும் சேத்துல்ல காப்பியடிச்சிருக்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்துப் போனது. "படிக்காதவங்ககிட்ட என்னத்தப் பேச" என்று திரும்பிக்கொண்டார்.

படித்தவர்களே, நாட்டில் புதுமை செய்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு மாலையும் மேடையும் வேண்டாம். அந்தப் போர்டில் அவர் பெயரை அழித்துவிட்டு, என் பெயரை எழுதுங்கள்.