கடற்கரை முகாமும் இல்லாத மிஸ்ஸும்

எங்கள் கம்பஸ் மலையேற்றக் கழகத்திடம் அந்தத் தவணை மலைக்குப் போகக் காசில்லை. கழகத் தலைவர் சிங்களவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்ற அர்த்தத்தில் அய்யே என்று கூப்பிடுகிறவர். அவர் ஒரு திட்டம் போட்டார். கொழும்பின் வட எல்லையிலுள்ள மட்டக்குளிப் பாலத்தைக் கடந்து, ஹெந்தளையிலிருந்து கடற்கரையோடு வடக்கே நடப்பது, பொழுதுபடக் கூடாரம் அடித்துத் தங்குவது, காலையில் திரும்புவது. பஸ்ஸில் ஏறினால் சுளுவாகப் போய் இறங்கக்கூடிய இடத்துக்கு முதுகில் மூட்டையோடு ஒரு பகல் முழுக்க நடக்கலாமா என்று கேட்டார். இருபது பேர் கை தூக்கினோம். எல்லோரும் படித்த பிள்ளைகள்தான்.

எனக்கு நடை பிரச்சினையில்லை, அம்மாதான் பிரச்சினை. இருபத்தொரு வயதாகியும் வெள்ளவத்தை வீட்டை விட்டால் சொந்தக்காரர் வீடு தவிர வேறெங்கும் நான் இரவு தங்கியதில்லை. இந்த நடையை முடிப்பவர்களுக்குத்தான் மார்கழி மலைப் பயணத்தில் இடம் என்று அய்யே சொல்லியிருந்தார். அந்த இடம் எனக்கு வேண்டும். செத்தாலும் வேண்டும்.

"ஆர் பொறுப்பு?" என்று அம்மா கேட்டார்.

அய்யேயைச் சொன்னால் "பெடியனோ?" என்று அடுத்த கேள்வி விழும். வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒரு மிஸ் வாறா அம்மா."

அப்படியொரு மிஸ் உலகத்திலேயே இல்லை. ஆனால் அம்மாவுக்கு அவரை நிரம்பப் பிடித்துவிட்டது. மிஸ் சைவமோ? கலியாணம் முடிஞ்சிதோ? பொம்பிளைப் பிள்ளையளோடதான் படுப்பாவோ? ஒரு கிழமையாகக் கேட்டார், நானும் ஒரு கிழமையாக விடாமல் பதில் சொன்னேன். சைவம், முடிந்துவிட்டது, ஓம். கிளம்புகிற அன்று மிஸ்ஸுக்கென்று தனி டப்பாவில் பயற்றம் பணியாரம் வேறு. ஹெந்தளை தாண்டும் முன்பே நாலு பேர் சேர்ந்து அதைக் காலி பண்ணினோம். அருமையான பணியாரம், மிஸ்ஸுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நடை பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெயில், மணல், சப்பாத்துக்குள் அதைவிட அதிக மணல். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களை நிறுத்தி, ரோட்டில் பஸ் ஓடுகிறது, தெரியாதா என்று சிங்களத்தில் விசாரித்தார். தெரியும் என்றோம். தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, பாவம், எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் தந்தார்.

கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது. "மிஸ்ஸிட்டப் போனைக் குடு, ஒரு சொல்லுக் கதைக்கோணும்."

வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோ பிடித்தால் அம்மா ஒரு மணி நேரத்தில் அங்கே நிற்பார். இருபது பேருக்கு முன்னால் என்னை ஏற்றிக்கொண்டும் போவார். மலையும் போச்சு, மானமும் போச்சு. "மிஸ் குளிக்கிறா, எடுக்கச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டு ஓடினேன்.

மூன்றாம் வருடத்து அக்கா ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடி, நிதானமான பேச்சு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவர். மிஸ்ஸாக இவரைவிட வேறு ஆள் கிடைக்காது என்று முடிவு கட்டினோம். புதுப் பெயர் வைத்தோம், கற்பிக்கும் பாடம் வைத்தோம், புருஷனுக்கு வங்கியில் வேலை கூட வாங்கிக் கொடுத்தோம். அம்மாவுக்கு எடுத்து, போனைச் சத்தமாக வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம்.

அம்மா பாடத்தையும் கேட்கவில்லை, புருஷனையும் கேட்கவில்லை.

"மிஸ் நீங்கள் எந்த ஊர்?"

"மானிப்பாய்" என்றார் அக்கா. ஐயோ! எல்லாவற்றையும் மாற்றிய எங்களுக்கு ஊரை மாற்றத் தோன்றவில்லையே! அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வாய் வராது.

"மானிப்பாயில எவடம்?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால..."

"அங்க அரைக்கிற மில் வச்சிருக்கிறவையைத் தெரியுமோ? என்ர தம்பியின்ர மனிசி அந்த ஒழுங்கைதான்."

அக்கா எங்களைப் பார்த்தார். "அது... எங்கட அப்பா" என்றார் மெல்ல.

அம்மா உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப நீர் ரெண்டாவது மகளெல்லோ? கம்பஸில மூண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை?"

"ஓம் அன்ரி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி" என்று அக்கா அழத் தொடங்கிவிட்டார்.

பக்கத்தில் இருந்த, கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனைத் தோழி ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்குத் தந்திருந்தா முடிஞ்சே! எங்கட ஊரக் கேட்டு ஒங்கட அம்மா என்னத்தக் கண்டுபிடிக்கிற?"

"போனை அவளிட்டக் குடும்" என்றார் அம்மா. சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனேன்.

"அம்மா, வராதேங்கோ, ப்ளீஸ்."

"வரேல்லை. நில். அந்தப் பிள்ளைக்கு ஒரு பொய் ஒழுங்காச் சொல்லத் தெரியேல்லை, மூண்டு கேள்வியில அழுதிட்டுது. அதை நம்பித்தான் விடுறன்."

"தாங்ஸ் அம்மா..."

"நீ ஒரு கிழமையா என்ர முகத்தைப் பாத்துப் பாத்துச் சொன்னனி. நானும் விடிய எழும்பிப் பணியாரம் சுட்டனான். உன்னை இனி எப்பிடி நம்புறது எண்டு எனக்குத் தெரியேல்லை, பிள்ளை."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், அந்தக் குணம் எனக்குத் தாராளமாக உண்டு. போனை வைத்துவிட்டார்.

நான் நிற்கலாமாம் என்று தெரிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்தேன்.

காலையில் அய்யே கொப்பியை எடுத்து மார்கழிப் பயணத்துக்குப் பெயர் எழுதினார். என் முறை வந்தபோது, இப்போது எழுத வேண்டாம், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்பதற்கு எனக்கு மூன்று கிழமை எடுத்தது.