பந்து காற்றில் இருக்கும்போது

ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கையில் வாண்டா ப்ரூசாக் ஊறுகாய் பாட்டிலைத் திறக்கிறார். உள்ளே மிதக்கும் வெள்ளரிக்காய்களைத் தொடுவதில்லை. அவருக்கு வேண்டியது அவை ஊறிய தண்ணீர். மூடியைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு வாய் நிறைய ஊற்றி, கன்னங்கள் உப்ப, தலையைப் பின்னால் சாய்க்கிறார். தொண்டைக்குள் அது சற்று நேரம் குமுறுகிறது. பிறகு விழுங்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் ஒரு "ஹா". அன்றைய குரல் எப்படி என்று அந்த ஒரு சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

"மத்தவங்க பீரைக் குடிச்சுட்டுக் கத்துறாங்க. மூணாவது இன்னிங்ஸ்ல குரல் போயிடுது, அஞ்சாவதுல புத்தி போயிடுது" என்பார்.

வாண்டாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கெல்லர்ஸ் ஃபெர்ரி ஊரின் மஞ்சள் பள்ளிப் பேருந்துகளில் ஒன்றை ஓட்டுகிறார். கோடை விடுமுறையில் பேருந்து கொட்டகையில் கிடக்கும். வாண்டா பேஸ்பால் மைதானத்தில், ஒன்பது இன்னிங்ஸும் முடியும்வரை இருப்பார். எங்கள் அணிக்கு ஃபெர்ரிமென் என்று பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "நம்ம படகுக்காரனுங்க" என்பார்கள். வெளியூர் அணி உட்காரும் கூடாரத்துக்கு நேர் மேலே, நடைபாதை ஓரத்து இருக்கைதான் வாண்டாவுடையது. அங்கிருந்து அவர் பேசினால் கீழே இருப்பவனுக்குத் தன் மனசாட்சி பேசுவதுபோல் இருக்கும்.

மெதுவாக ஓடுபவனைப் பார்த்து, "ஏய் நாலாம் நம்பர்! நீ அங்க போய்ச் சேர்றதுக்குள்ள என் பஸ் ரெண்டு ட்ரிப் அடிச்சுடும்!" பந்தை எறியாமல், எதிரே குந்தியிருப்பவன் விரலால் காட்டும் சைகையையே உற்றுப் பார்ப்பவனிடம், "என்னடா அவன் விரலையே பாக்குற, மோதிரம் போடப் போறியா?" அம்பயரிடம் மட்டும் மரியாதை குறையாது: "ஐயா, ஒரு கண்ணை மூடிக்கிட்டீங்க, சரி. இன்னொன்னையாவது தொறந்து வைங்க!"

கெட்ட வார்த்தை கிடையாது. பாதிப் பிள்ளைகள் அவர் பேருந்தில் வருகிறவர்கள். அம்மா, மனைவி, தோலின் நிறம், உடம்பு எதையும் தொடமாட்டார். இவற்றுக்கெல்லாம் மேலே இன்னொரு விதி இருக்கிறது. "பந்து காத்துல இருக்கும்போது யாரும் வாயைத் தொறக்கக் கூடாது. அது அவனுக்கும் பந்துக்கும் நடுவுல. கீழ வந்தப்புறம் நான் பாத்துக்கறேன்." பந்து இறங்கிக்கொண்டிருந்தபோது கூச்சல் போட்ட ஒரு குடிகாரனின் தொப்பியைப் பிடுங்கி, ஆட்டம் முடியும்வரை அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

இதையெல்லாம் நான் ஒரு ஓட்டை வழியாகப் பார்த்தேன். இடதுபக்கச் சுவரில் இருக்கும் ஸ்கோர் போர்டுக்குள் அமர்ந்து, தகர எண்களை மாட்டுவது என் வேலை. இன்னிங்ஸ்களுக்கு நடுவே மடியில் ஒரு கவிதைத் தொகுப்பு இருக்கும். மைதானம் முழுவதையும் தாண்டி அந்தக் குரல் வரும்: "ஏய் போர்டுக்குள்ள இருக்கிற எலி! கவிதை எங்கயும் ஓடிப் போயிடாது. நம்பரை மாத்து!"

இந்த ஆண்டு மாற்றுவதற்கு அதிகம் இருக்கவில்லை. மே மாதம் முதல் ஆட்டத்தை மழை நிறுத்தியது. அந்த வாரம் நாங்கள் தோற்காத நாள் அது ஒன்றுதான். ஜூனில் எங்கள் நல்ல எறிகாரனைப் பெரிய அணி ஒன்று கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஜூலைக்குள் எங்கள் வரிசையின் பூஜ்யத் தகடுகளில் வெள்ளைப் பூச்சு உரிந்துவிட்டது. வெளியூர்க்காரர்களின் எண்கள் மட்டும் தினமும் ஒன்று மாற்றி ஒன்று வந்ததால் புதிதாகவே இருந்தன.

கூட்டம் கரைந்தது. வந்தவர்களில் சிலர் வெட்கம் காட்டக் காகிதப் பையில் கண்ணுக்கு ஓட்டை போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டார்கள். வாண்டா வரிசை வரிசையாகப் போய் அவற்றைக் கழற்றினார். "மூஞ்சியை மூடிக்கணும்னா வீட்டுல போய்ப் போர்வைக்குள்ள படு. அங்க நிக்கிற பசங்க மூஞ்சியை மூடிக்கிட்டா ஆடுறாங்க?"

மைதானத்தின் புதிய மேலாளர் டிரெவர் ஹாஸ்கின்ஸுக்கு இது பிடிக்கவில்லை. டை கட்டிய இளைஞர், வேறு ஊர்க்காரர். முதலில் வாண்டாவின் இருக்கைக்குப் பின்னால் ஒரு ஒலிபெருக்கியை வைத்து, ஒவ்வொரு பந்துக்கும் நடுவே பாட்டு போட்டார். வாண்டா பாட்டின் தாளத்துக்கே திட்டினார். பிறகு, விளம்பரம் கொடுக்கும் டயர் கடைக்காரர், தன் விருந்தாளிகளோடு நிம்மதியாகப் பேச முடியவில்லை என்று புகார் சொன்னார். டிரெவர் நேரில் வந்தார்.

"மேடம், சீசன் முடியிற வரைக்கும் நீங்க உள்ள வரக் கூடாது."

"பேசணும்னு ஆசைப்படுறவன் கேட்டுக்கு வெளிய பேசட்டும் தம்பி. நான் ஆட்டம் பாக்க வந்தவ."

"தயவுசெஞ்சு எழுந்திருங்க."

எழுந்தார். பாட்டிலை மூடினார். அப்போதும் வெளியூர்க் கூடாரத்துக்குள் குனிந்து, "சிரிக்காதீங்கடா, நான் கிட்டத்துலதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் வலதுபக்கச் சுவருக்கு அப்பால், தெருவின் எதிர்ச்சாரியில், ஃபர்டாடோவின் சலவைக் கடைக் கூரையில் ஒரு மடக்கு நாற்காலி தெரிந்தது. அதில் வாண்டா. டிரெவர் போலீஸைக் கூப்பிட்டார். வந்த போலீஸ்காரர் கூரைக்கு ஏறி, கூரை ஃபர்டாடோவுக்குச் சொந்தம் என்று கண்டறிந்து, இரண்டு இன்னிங்ஸ் பார்த்துவிட்டு இறங்கினார். அங்கிருந்து குரல் எட்டியது சுவரோரம் நிற்கும் எதிரணி ஆட்டக்காரன் ஒருவனுக்கு மட்டும்தான். முன்பு ஒன்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்ததெல்லாம் இப்போது அவன் ஒருவன் தலையில் விழுந்தது.

செப்டம்பரின் கடைசி ஆட்டம் வந்தது. அதில் தோற்றால் லீக் தொடங்கிய நாளிலிருந்து மிக மோசமான அணி என்ற பெயர் எங்களுக்கே. ஜெயித்தால் அதை வேறொரு ஊரோடு பங்கிட்டுக்கொள்ளலாம். இதற்காகவே ஊர் திரண்டு வந்திருந்தது. அந்த வலதுபக்கச் சுவரோரம் நின்று, வாண்டாவின் பிடியில் மூன்று நாளாகச் சிக்கியிருந்தவன் எதிரணியின் பதினேழாம் நம்பர். "பதினேழு! புல்லு மேஞ்சது போதும், தலையைத் தூக்கு!" உருண்டு வந்த இரண்டு பந்துகளை ஏற்கெனவே கைதவற விட்டிருந்தான்.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தோம். எங்களில் இருவர் அவுட். இருவர் ஓடி வரக் காத்து நின்றார்கள். இன்னும் ஓர் அவுட் ஆனால் எல்லாம் முடிந்தது. பந்து கை நழுவினால் இருவரும் வந்துவிடுவார்கள், ஜெயித்துவிடுவோம். கூட்டம் கூரையைப் பார்த்துக் கத்தத் தொடங்கியது. "வாண்டா! வாண்டா!"

திடீரென்று ஒலிபெருக்கியில் டிரெவரின் குரல். அறிவிப்பாளரிடமிருந்து மைக்கைப் பிடுங்கியிருந்தார்.

"மேடம்! பந்து அந்தப் பக்கம் மேல வந்தா ஒரு சத்தம் குடுங்க! ஒண்ணே ஒண்ணு! அடுத்த வருஷம் உங்க சீட் உங்களுக்கு!"

கூரையிலிருந்து பதில் ஒலிபெருக்கி இல்லாமலே வந்தது.

"பந்து கீழ இருக்கிற வரைக்கும் இலவசமாவே கத்துறேன் தம்பி! மேல போனா கிடையாது!"

அடுத்த பந்து மேலேதான் போனது. உயரமாக, சோம்பலாக, நேராக வலது மூலைக்கு. பதினேழு பின்னோக்கியே நடந்தான். முதுகில் சுவர் தட்டியது. அவன் பந்தைப் பார்த்தான். ஒரு கணம் கூரையைப் பார்த்தான், வரப்போவதை எதிர்பார்க்கிறவன்போல. மைதானம் முழுவதும், "கத்து!" என்றது. என் ஓட்டையிலிருந்து வெயிலுக்கு எதிரே வாண்டாவின் நிழலுரு மட்டும் தெரிந்தது. நிமிர்ந்த முகவாய், வாயருகே ஒரு கை. இத்தனை பேரையும் அவர் அலட்சியம் செய்கிறார் என்று நினைத்தேன்.

பந்து பதினேழின் கையுறைக்குள் விழுந்தது.

பதினேழு கூரையை நோக்கித் தொப்பியைத் தொட்டான். பிறகுதான் குரல் வந்தது, கொஞ்சம் கரகரத்து: "நல்லாப் புடிச்ச பதினேழு! பந்தை வச்சுட்டுப் போ, அது எங்க ஊர்ப் பந்து!" அடுத்து எங்கள் பையன்களிடம்: "டேய் படகுக்காரனுங்களா! யாருடா அங்க தலையைத் தொங்கப் போடுறது? மே மாசம் வர்றேன்!"

டிரெவர் இருக்கையைத் திருப்பித் தரவில்லை. வாண்டா கேட்கவுமில்லை.

மறுவாரம் அழுக்குத் துணியோடு சலவைக் கடைக்குப் போனேன். வாண்டாவின் அலட்சியத்தைப் பற்றி நான் ஏதோ சொல்ல, ஃபர்டாடோ மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தார்.

"அலட்சியமா? நான் பக்கத்துல நின்னேன்யா. மட்டைல பட்ட சத்தம் கேட்டதும் பாட்டிலை எடுத்து வாய் நிறைய ஊத்திக்கிச்சு. முழுங்கல, துப்பல. கன்னம் ரெண்டும் பலூன் மாதிரி, கண்ணுல தண்ணி. ஒரு கையால வாயைப் பொத்திக்கிச்சு. இன்னொரு கை என் தோளை விடல, பாரு." காலரை விலக்கிக் காட்டினார். நான்கு நகங்களின் தடம். "அவன் புடிச்சப்புறம்தான் முழுங்கிச்சு."