ஐந்தாவது கதிரையும் ஓர் அழிறப்பரும்

கிளிவெட்டியில் இருந்தவரைக்கும் நான் வாய் ஓயாதவள் என்று பெயரெடுத்திருந்தேன். அப்பாவுக்கு மாற்றம் கிடைத்து, டவுனில் ஓர்ஸ் ஹில் பக்கம் வீடு எடுத்து, என்னை ஆறாம் வகுப்பில் கொண்டுபோய் விட்ட நாளோடு அந்த வாய் மூடிக்கொண்டது. வகுப்பில் எல்லாரும் நேர்சரியிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. ஜன்னலோரம் இருந்து துறைமுகத்தில் கப்பல் திரும்புவதைப் பார்ப்பேன். அந்த டவுனுக்குள் ஆடு மாடுபோலத் திரிந்து, இடைவேளையில் முற்றத்துக்கு வரும் மான்கள்கூட என்னுடைய சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் தாண்டிப் போவதாக எனக்கு ஒரு நினைப்பு.

எனக்கிருந்த ஒரே துணை, அக்காவின் போனில் வெள்ளிக்கிழமை தோறும் வரும் ஒரு சித்திரத் தொடர். இந்தியாவில் யாரோ ஒருவர் வரைந்து இணையத்தில் போடுவது. மேகத்துக்கு மேலே ஒரு பள்ளிக்கூடம். அதில் நான்கு கூட்டாளிகள். ஒவ்வொரு வகுப்பு ஏறும்போதும் முதுகில் ஒரு சிறகு முளைக்கும். பல் முளைப்பதுபோல வலிக்கும். மற்ற மூன்று பேரும் பக்கத்தில் இருந்து, வலி தீரும்வரை கதைத்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களின் மேசையைச் சுற்றி ஐந்து கதிரைகள். ஐந்தாவது எப்போதும் காலி. அது எனக்குத்தான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை துணிந்து, வரைகிறவவுக்குக் கீழே எழுதினேன்: "அக்கா, அந்தக் காலிக் கதிரையைப் பற்றி உங்களோட ஒரு கதை இருக்கு."

அடுத்த நாளே பதில் வந்துவிட்டது. "கதை வெச்சிருக்கீங்களா? சூப்பர்! எழுதி அனுப்புங்க, படிக்கிறேன்."

என் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி விசரி! நீ கதைக்கோணும் எண்டது அவவுக்கு விளங்கேல்லை. அங்க கதை எண்டா வாசிக்கிற கதை. 'உங்களோட பேசோணும்' எண்டெல்லோ எழுதியிருக்கோணும்."

பேசுவதா? எங்கள் வீட்டில் பேச்சு என்றால் ஏச்சு. கொப்பியைத் தொலைத்தால் அம்மா பேசுவா, பிந்தி வந்தால் அப்பா பேசுவார். கடல் தாண்டி ஒருவரிடம் போய் என்னைப் பேசுங்கோ என்று கேட்க எனக்கென்ன பைத்தியமா? கதைதான் வேண்டுமென்றால் கதையே கொடுப்போம், அதன் பிறகாவது என்னோடு கதைக்கட்டும் என்று எழுதக் குந்தினேன்.

வகுப்பிலும் அதே வேலைதான். பக்கத்தில் இருந்த பிள்ளை கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். தினமும் ஒரு தடவையாவது, "அழிறப்பர் ஒருக்காத் தாறீங்களா?" என்பாள். கொடுப்பேன். அழித்து முடித்த பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கொப்பியையே பார்த்தபடி இருப்பாள். நான் வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வேன். எனக்கு எழுத நிறைய இருந்தது.

எட்டுப் பக்கம் வந்தது. ஐந்தாவது கதிரையில் ஒரு பெண் வந்து குந்தி மூன்று நாள் ஓயாமல் கதைக்கிற கதை. அக்கா படமெடுத்து அனுப்பினாள். மூன்று வெள்ளிக்கிழமை போனது. நாலாவது வெள்ளி பதில் வந்தது: தூக்கிய கட்டைவிரல் ஒன்று. எட்டுப் பக்கத்துக்கு ஒரு விரல்! குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். இனி இந்த ஊரில் என்னோடு கதைக்க ஒருவருமே இல்லை என்று தோன்றியது.

திங்கட்கிழமை அவள் வழமைபோலக் கை நீட்டினாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"ஒவ்வொரு நாளும் கேக்கிறீர். உமக்கெண்டு ஒண்டு வாங்க ஏலாதா?"

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. "ஓம்" என்றாள். பிறகு அவள் கேட்கவே இல்லை. தவணை முடியும் வரை பிழையான சொற்களைக் கோடு போட்டுத்தான் வெட்டினாள்.

அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. வாப்பா கொழும்பில் கடை போட்டுக் குடும்பத்தோடு போய்விட்டாராம். மேசைக்குள் அவளுடைய கொம்பாஸ் பெட்டி கிடந்தது. "பக்கத்தில இருந்தனீங்கள்தானே, வீடு தெரியுமே? குடுத்து விடுங்கோ" என்றா டீச்சர். எனக்கு வீடு தெரியாது. இத்தனை மாதம் பக்கத்தில் இருந்தும், அவளுக்குத் தங்கச்சி தம்பி இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே அழிறப்பர் ஒன்று, கடதாசி உறைகூடப் பிரிக்காமல். உறையின் மேல் அவளின் கையெழுத்தில் பெயரும் வகுப்பும். கீழே தை மாதம் ஆறாம் வகுப்பு தொடங்கிய முதல் நாளின் திகதி.

எனக்குப் பொல்லாத ஆத்திரம். புத்தம் புதியதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, இத்தனை நாளும் என்னுடையதையல்லவா தேய்த்திருக்கிறாள்! என்ன கஞ்சப் பிசினாரி என்று வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லிச் சொல்லித் திட்டினேன். அக்கா ஏனோ சிரிக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. போனை வாங்கி, மேகப் பள்ளிக்கூடத்தின் ஐந்தாவது கதிரைக்கு இன்னும் யாரும் வரவில்லையா என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.