சுவீடன்காரரின் முற்றுகைப் பாட்டு

ஒரே வயரின் ஒரு முனை ஜூலியாவின் காதிலும் மறுமுனை என் காதிலும் இருக்க, பேருந்தின் கண்ணாடி அதிர்கிறதா அல்லது காதுக்குள் டிரம் அதிர்கிறதா என்று பிரித்தறிய முடியாத ஒரு காலையில்தான், சிசிலியின் பாலெர்மோ நகரில் நாங்கள் குடியிருந்த பிரான்காச்சோவிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில், அந்தச் சுவீடன் இசைக்குழுவின் பாட்டை முதன்முதலாகக் கேட்டேன். இரண்டு கால்களாலும் மாறிமாறி மிதித்து அடிக்கும் டிரம் குதிரைப் பாய்ச்சலில் ஓட, இரண்டு கிதார்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலேற, அவற்றுக்கும் மேலே ஓர் ஆண்குரல் இறங்கவே மனமில்லாததுபோல் நின்றது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஜூலியா என் வகுப்புத் தோழி, சிசிலிக்காரி, என் பெயரை முழுதாகச் சொல்லிப் பழகிய ஒரே பிள்ளை.

வீட்டில் அம்மா அதைத் "தகரச் சத்தம்" என்பார். அப்பாவோ அந்த இசைவகையின் பெயரான "பவர் மெட்டல்" என்றால் என்னவென்று கேட்டறிந்து, அன்றிலிருந்து அதற்கு "இரும்புப் பாட்டு" என்று பெயர் வைத்துவிட்டார். அவர் நகரின் பணக்காரப் பகுதியான லிபெர்த்தாவில், நடக்கமுடியாத ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் நிற்பார். அன்று சமையல் அவருடையது.

அந்த இசைக்குழுவின் சரித்திரம் எனக்கு அத்துப்படி. இரும்புச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஒரு சின்ன ஊரில், பள்ளித் தோழர்கள் நால்வர், தேவாலயத்தின் நிலவறையில் பாதிரியாரிடம் அனுமதி கேட்டு வாசிக்கத் தொடங்கினார்கள். வேகத்தை ஜெர்மன்காரரிடமிருந்தும், இரட்டைக் கிதாரை இங்கிலாந்தின் பழைய குழுக்களிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். பாடகர் சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தவர் என்பதால், எவ்வளவு இரைச்சலிலும் பல்லவி மட்டும் ஜெபம்போல் திரண்டு எழும். முதல் இரண்டு இசைத்தட்டுகளிலும் நெருப்புக் கக்கும் பறவைநாகங்களும் வாள்களும்தான். மூன்றாவதில் அவற்றை விட்டுவிட்டு, உண்மையாக நடந்த போர்களைப் பாடத் தொடங்கினார்கள்; அதன்பிறகுதான் உலகம் அவர்களைக் கவனித்தது. இதையெல்லாம் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். எங்கள் குடும்பம் வன்னியிலிருந்து எப்படி வெளியே வந்தது என்பதை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. எனக்கு நினைவு தெரிந்தபோது நாங்கள் பாலெர்மோவில் இருந்தோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு ஞாயிறு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பா, அவர்கள் அப்படி என்னதான் பாடுகிறார்கள் என்று கேட்டார். கேட்டாரே என்ற பெருமையில் எனக்கு மிகப்பிடித்த பாட்டை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். நாலாபக்கமும் முற்றுகையிடப்பட்ட ஒரு நகரம்; உணவு தீர்ந்துவிட்டது; சரணடையச் சொல்லியும் படைவீரர்கள் மறுத்து, கடைசி ஆள் விழும்வரை நிற்கிறார்கள். சொல்லி முடித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்த ஊரில சனம் இருக்கேல்லையோ?"

பாட்டில் அதைப்பற்றி இல்லை என்றேன். அவர் "ஓம்" என்றுவிட்டு மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். நான் அறைக்குப் போய் அதே பாட்டை இன்னொருமுறை போட்டேன்.

அதே வருடம் அந்தக் குழு பாலெர்மோவுக்கு வந்தது. பிள்ளைகள் பெரியவர்களோடுதான் வரலாம் என்றதும், கேட்கும் துணிவுகூட எனக்கு வருமுன்னமே, ஜூலியாவின் தாயிடம் விசாரித்து அப்பாவே இரண்டு சீட்டு வாங்கிவிட்டார். ஜூலியா தன் தாயோடு முன்வரிசைக்குப் போய்விட்டாள். நானும் அப்பாவும் மண்டபத்தின் நடுவில் நின்றோம். கறுப்புச் சட்டைக் கூட்டத்துக்குள் அவர் மட்டும், கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு, என் தோள்பையைத் தன் மார்போடு பிடித்தபடி நின்றார். இடையிடையே தலையைக்கூட ஆட்டினார்.

பிறகு அந்த முற்றுகைப் பாட்டு வந்தது. முதலில் விளக்கெல்லாம் அணைந்து ஒரு சைரன் ஊளையிட்டது. அது அடங்குமுன் மேடையின் இருபுறமும் பெரும் வெடிச்சத்தத்தோடு நெருப்பு எழுந்தது. அடுத்த கணம் நான் தரையில் கிடந்தேன். அப்பாவின் முழுப்பாரமும் என்மேல் இருந்தது. அவருடைய கை என் தலையை நெஞ்சுக்குள் அழுத்தியிருந்தது.

"எழும்பாதை பிள்ளை, எழும்பாதை."

ஆட்கள் விலகி இடம்விட்டார்கள். யாரோ ஒருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். எனக்கு முதலில் வந்தது பயமல்ல, வெட்கம். ஜூலியா பார்த்துவிடுவாளோ என்று தரையில் கிடந்தபடியே தேடினேன்.

வெளியே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தோம். அப்பாவின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. "நீ உள்ளுக்குப் போய்க் கேள், நான் இஞ்சை நிக்கிறன்" என்றார். நான் போகவில்லை. ஆனால் சுவரைத் துளைத்துக்கொண்டு பல்லவி வந்தபோது, என் உதடுகள் அதோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"முழுக்கப் பாடமோ?"

தலையாட்டினேன்.

"நல்ல குரல் அவனுக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் படுத்தபிறகு, அம்மா தணிந்த குரலில் சொன்னார். வன்னியில், போரின் கடைசி மாதங்களில், பங்கர் வெட்ட நேரமில்லாத இடங்களில் அப்பா என்னை அப்படித்தான் மூடிப் படுப்பாராம். "அப்ப உனக்கு மூண்டு வயசு. நீ மூச்சு முட்டுது எண்டு அழுவாய், அவர் விடமாட்டார்." அந்த ஊரில் சனம் இருந்ததா என்று அப்பா கேட்டது என்னைப்பற்றித்தான் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஒரு பெரிய மாற்றம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. இரண்டு வாரம் அவர்களைக் கேட்காமல் இருந்தேன். மூன்றாவது வாரம் போர்வைக்குள் கேட்டேன். போரைப் பாடுகிறவர்களின்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தப் பல்லவி எழும்போது இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. சிலிர்த்தவுடன் நடைபாதைக் கல்லில் நடுங்கிய அந்தக் கைகள் நினைவுக்கு வருகின்றன. இரண்டில் ஒன்று மற்றதை அழிப்பதில்லை.

இப்போது அந்த மண்டபம் மேசை, கட்டில் விற்கும் தளபாடக் கடையாகிவிட்டது. ஜூலியா வடக்கே வேலைக்குப் போய்விட்டாள். பள்ளித் தோழர்கள் நால்வரில் பாடகர் மட்டுமே குழுவில் மிஞ்சியிருக்கிறார். அவர்கள் மறுபடி பறவைநாகங்களுக்கே திரும்பிவிட்டார்கள். அப்பாவின் காதுகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டன. பழைய வெடிச்சத்தங்களின் சேதம், வயதோடு சேர்ந்து இப்போது வெளிப்படுகிறது என்றார் மருத்துவர். காதில் மாட்டும் கருவி ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவரைப் பார்க்கப் போவேன். சாப்பாடு முடிந்ததும் அவர் அந்தக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இப்ப உன்ரை இரும்புப் பாட்டைப் போடு பிள்ளை, நான் கழட்டிப்போட்டன்" என்பார். வேண்டாம் என்று கையால் காட்டுவேன். விடமாட்டார். மெதுவாகத்தான் போடுகிறேன், ஆனால் பல்லவி வரும்போது என் கை தானாகப் போய்ச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறது. எதிரே அப்பா தோடம்பழம் ஒன்றை உரித்து, சுளையில் ஒட்டிய நாரையெல்லாம் நீக்கிவிட்டு, என் பக்கம் நீட்டுகிறார்.